வளையம் தெரியும் அளவுக்கு இருட்டு

காப்பி நன்றாக இருக்கிறது, சார்ஜன். சீனி ஒரு கரண்டி குறைத்திருக்கலாம். ஆனாலும் போலீஸ் நிலையத்தில் கேட்டவுடன் காப்பி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் குரங்குகள் விஷயமாகத்தான் வந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் கல்யாணத்தன்று மின்சாரம் போனதற்குக் குரங்குகள்தான் காரணம் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அது தவறான முடிவு. அலோர் ஸ்டாரில் அரசாங்க மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நான் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஊராரின் இரத்தத்தையும் சளியையும் நுண்ணோக்கியில் பார்த்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தவள். தவறான முடிவு ஒன்று எங்காவது எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

என் பெயர் மேனகா. கணவர் பெயர் சுரேன். அவர் எட்டரை மணிக்கே படுத்துவிடுகிறவர். அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு பாடாங் செராயில் ஒரு மூலை வீடு வாங்கினோம். பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. பாதியில் அவர் வெண்டை போட்டார். மீதிப் பாதியில் நான் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பிரேமாவதி முதல் நாள் வேலியருகே வந்து அதை வெகு நேரம் பார்த்தாள்.

"வாட்டர் ஹீட்டர ஏன் அக்கா வெளிய வச்சிருக்கீங்க, மழைல கெட்டுப் போயிரும் லா" என்றாள்.

பிரேமாவதி நல்லவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவளுக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூடக் கிடையாது. அவள் கணவர் காளிதாசன் கூலிமில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். மகள் வாசுகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊருக்குப் போனால் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வாசல் கேட்டின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு நம்பிக்கை. அந்தச் சாவி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

நான் பார்க்க விரும்பியது ஒரே ஒரு விண்மீன் மண்டலம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஓர் எண்தான். நடுவில் மைசூர்ப் பருப்பு போலப் புடைத்து, ஓரத்தில் மெலிந்த ஒரு தட்டு. அந்தத் தட்டின் குறுக்கே ஒளியால் ஒரு பட்டை. அப்புறம் கொஞ்சம் வெற்றிடம். அதற்கும் வெளியே, எதையும் தொடாமல், தனியாக ஒரு வளையம். அங்கே இப்போது புதிய நட்சத்திரங்கள் பிறப்பதில்லை என்று படித்தேன். ஓய்வு பெற்ற மண்டலம். வேலையை முடித்துவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு வேலி போட்டுக்கொண்டு, அமைதியாக இருக்கிறது. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

புத்தகத்தில் இருந்த அதன் படத்தைப் பிரேமாவதியிடம் காட்டினேன். "உளுந்து வடைக்கு மேல கரண்டிய வச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த மண்டலம் மிகவும் மங்கல். மார்ச் மாதத்தில், மழை வருவதற்கு முன், நிலா இல்லாத நாட்களில், வடகிழக்கில் நன்றாக ஏறி நிற்கும். என் நிலத்திலிருந்து அதைப் பார்க்க ஒரே ஒரு தடைதான் இருந்தது. பிரேமாவதி வீட்டு வாசல் விளக்கு.

நான் அதை உடைக்கவில்லை. கால் சுற்றுத் தளர்த்தினேன், அவ்வளவுதான். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் கையோடு செய்தது. அவர்கள் புதிய பல்ப் போட்டார்கள். அதையும் தளர்த்தினேன். மறுபடி போட்டார்கள்.

"என்னா அக்கா இது, மூணாவது பல்ப் லா" என்று பிரேமாவதி வந்து நின்றாள்.

"ஓம், இப்ப வாற சாமான் எல்லாம் அப்படித்தான்" என்றேன். அன்று புட்டு அவித்திருந்தேன். அவளுக்கும் கொடுத்தனுப்பினேன்.

காளிதாசன் வேறு மாதிரி யோசித்தார். திருடன் ஒருவன் உள்ளே வருவதற்கு முன் விளக்கைக் கெடுத்துப் பார்க்கிறான் என்று முடிவு செய்து, ஆள் அசைந்தால் தானாக எரியும் பெரிய விளக்கு ஒன்றை மாட்டினார். பூனை நடந்தாலும் எரிந்தது. இலை விழுந்தாலும் எரிந்தது. என் வெண்டைச் செடிகளின் நிழல் எங்கள் படுக்கையறைச் சுவரில் விழுந்தது. சுரேன் ஒரு நாள் விடிந்துவிட்டது என்று எழுந்து பல் தேய்த்துவிட்டார்.

அப்போதும் நான் எதையும் உடைக்கவில்லை. பிரேமாவதிக்கு அறிவியல் சொன்னேன். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை, சார்ஜன். எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதுதான் விஷயம். அன்றே அந்த விளக்கைக் கழற்றிவிட்டாள். ஆனால் திருடன் பயம் போகவில்லையே. தெரு முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நகராண்மைக் கழகத்துக்குப் போனாள். அவர்கள் பழைய மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை விளக்குகள் போட்டுக் கொடுத்தார்கள். முதல் கம்பம் என் நிலத்துக்கு நேர் எதிரே.

"உங்களுக்காகத்தான் அக்கா அங்க போடச் சொன்னேன். வயசானவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க" என்றாள்.

அவள் அன்பை நான் என்றுமே குறைத்துப் பேசியதில்லை.

பாசார் மாலம் இரவுச் சந்தையில் ஒரு லாஸ்டிக் வாங்கினேன். பையன்கள் பறவைக்குக் கல் அடிப்பார்களே, அதுதான். கடைக்காரர் "பேரனுக்கா?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. ஆமாம் என்றேன். பகலில் பால் டின்களை வேலிமேல் வரிசையாக வைத்துப் பழகினேன். அறுபத்திரண்டு வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது உடலுக்கும் மூளைக்கும் நல்லது. சுரேன் பார்த்துவிட்டு, "இது என்ன, யோகாவா?" என்றார். தோள்பட்டைக்கு என்றேன்.

தெருவிளக்கு உடைந்தது. மாற்றினார்கள். அதுவும் உடைந்தது. மறுநாள் காலையில் ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த குரங்குக் கூட்டம் அந்தக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. காளிதாசன் அதைப் பார்த்துவிட்டார்.

நகராண்மைக் கழகத்திலிருந்து வந்தவர் சந்தேகப்பட்டார். "குரங்கு கல்லு வீசுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் படித்தவள் என்றால் நான்தான்.

"வீசும்" என்றேன்.

வனவிலங்கு இலாகாவினர் கூண்டு வைத்தார்கள். காது கிழிந்த கிழட்டு ஆண் குரங்கு ஒன்று மாட்டியது. கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டு என்னை மட்டும் பார்த்தது. கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தும் என்னை மட்டும். அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. சிக் மாவட்டத்துப் பக்கம் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது நல்ல காடு.

இவ்வளவு விளக்குகள் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கெட்டதும் சனங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஏதோ தோஷம் என்றார்கள். எங்கள் தாமான் அம்மன் கோயிலின் தலைவர் பரஞ்சோதி, பரிகாரமாகக் கோபுரத்தில் நீல விளக்குகள் கட்டிவிட்டார். மேலிருந்து கீழ்வரை நீலம். மின்னி மின்னி அணையும். கோபுரம் என் வீட்டுக்கு வடகிழக்கில் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

அடுத்து நடந்தது எனக்கே கொஞ்சம் சங்கடமானது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சாமி வந்ததில்லை. என் அப்பா ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி. கோயிலில் நாங்கள் முழுக்கால்சட்டையும் நல்ல புடவையுமாக ஓரத்தில் நிற்கிற ஆட்கள். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை, தீபாராதனை நேரத்தில், தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடினேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்ட பிறகுதான் புரிந்துகொண்டார்கள்.

பரஞ்சோதி கற்பூரத்தோடு வந்தார். "யாரு வந்திருக்கிறது?" என்றார்.

"நான்தான்" என்றேன். அது பொய் இல்லை.

"என்னா வேணும் தாயே?"

"கண்ணு கூசுது. நீலம் வேணாம்."

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பிரேமாவதி என் காலடியில் அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோபுரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நான் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. முழங்காலில் வலி வேறு.

"பச்சையும் வேணாம்" என்றேன்.

பரஞ்சோதிக்கு வியர்த்துவிட்டது. "அப்ப என்னா கலர் வேணும், சொல்லு தாயே. கூலிம்ல எல்லாக் கலரும் இருக்கு."

"கறுப்பு."

அவர் வெகு நேரம் யோசித்தார். "கறுப்பு பல்ப் எங்க கெடைக்கும்னு தெரியலயே" என்று பக்கத்தில் நின்ற காளிதாசனிடம் மெதுவாகச் சொன்னார்.

"அணைச்சாலே கறுப்புதானே அண்ணே" என்றார் காளிதாசன்.

அன்று கோபுரம் இருண்டது. வீட்டுக்குப் போனவுடன் முடியைக்கூடக் கட்டாமல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். மேகம்.

மேகம் கலைவதற்குள் செய்தி பரவிவிட்டது. கறுப்பு கேட்ட அம்மன் என்று சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் காடிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு காடிக்கும் முன்னால் இரண்டு விளக்கு. அவர்களுக்குச் சாப்பாடு விற்கக் கடைகள் வந்தன. கடைகளுக்கு ஜெனரேட்டர் வந்தது. கோபுரத்தில் மட்டும் விளக்கு இல்லை. மற்றபடி எங்கள் தாமான் அதுவரை அப்படி வெளிச்சமாக இருந்ததே இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராவது மனம் விட்டிருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு முறை சரிவராவிட்டால் வேறு முறை.

வாசுகியின் கல்யாண வரவேற்பு மார்ச் மாதத்தில், அமாவாசையை ஒட்டி வந்தது. தெருக்கோடி மண்டபத்திலிருந்து எங்கள் வேலிவரை பந்தல். பந்தல் நிறையச் சரவிளக்கு. ஆனால் அன்று வானிலை அறிக்கை தெளிவான வானம் என்றது. மறுநாளிலிருந்து மழை என்றது. இப்படி ஒரு நாள் மறுபடி வர ஒரு வருடம் ஆகும். கல்யாணம் போனால் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதை நான் நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன், அவசரப்பட்டு இல்லை.

பலூன் வேலையைப் பிரேமாவதி என்னிடம் ஒப்படைத்திருந்தாள். "நீங்க லேப்ல இருந்தவங்க. கேஸ் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் அக்கா" என்றாள். ஆள் உயர வெள்ளிப் பலூன்கள். வாசுகி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பலூன். மேடைக்குக் கொண்டுபோகும்வரை என் வெண்டைத் தோட்டத்தில் கட்டி வைத்திருந்தேன். எங்கள் நிலத்துக்கு மேலேதான் தாமானுக்குப் போகிற மின்கம்பி. வெள்ளிப் பூச்சுள்ள பலூன் கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று பலூன் வந்த உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடும் போட்டிருந்தார்கள்.

தொலைநோக்கியை முன்கூட்டியே திருப்பி வைத்தேன். மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது. மணப்பெண் உள்ளே நுழையப் போகிறாள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் 'வி' எழுத்தை அவிழ்த்துவிட்டேன். அது காற்றில் சாய்ந்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. 'ஏ' கம்பிகளுக்கு நடுவே நழுவி மேலே போனது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, நல்ல விலையுயர்ந்த பலூன்கள். 'எஸ்' போய் ஒட்டிக்கொண்டது.

பச்சையாக ஒரு மின்னல். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இருட்டு.

அந்த இருட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல முடியாது, சார்ஜன். தெரு இல்லை. பந்தல் இல்லை. பிரேமாவதி வீடே இல்லை. மண்டபத்தில் எல்லோரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். அது எங்கோ தூரத்தில் கேட்டது. நான் குனிந்து கண்ணை வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பருப்பு தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் வெளியே பார்த்தேன். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால்.

கைத்தொலைபேசிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மண்டபம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவராக டார்ச்சைப் போட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். காளிதாசனின் நண்பர்கள் விருந்தாளிகளை ஏற்றி வந்த பஸ்களைத் திருப்பி நிறுத்தி, முன்விளக்குகளை மண்டபத்துக்குள் அடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் வாசுகி நடந்து போனாளாம். பாட்டு இல்லாததால் சனங்களே கைதட்டிப் பாடினார்களாம். மாப்பிள்ளை அழுதுவிட்டாராம். மீதியிருந்த 'யு', 'கே', 'ஐ' மூன்று பலூன்களை மட்டும் யாரோ ஓடிவந்து எடுத்துப்போய் மேடையில் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு யூகேல படிச்சதா, யாரும் சொல்லவே இல்லயே" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

யாரோ எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நாடு முழுக்கப் பார்த்துவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆமாம், ஓரத்தில் வேலிக்குப் பின்னால் குனிந்து நிற்பது நான்தான்.

மறுநாள் பிரேமாவதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "காசு கொட்டுனாலும் இந்த மாதிரி அமையாது அக்கா. எல்லாம் அந்தக் குரங்குங்க செஞ்ச புண்ணியம். பலூன அதுங்கதான் அவுத்து விட்டிருக்குங்க" என்றாள். அவள் கூரை ஓரத்தில் ஒரு வாழைத்தாரையே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். குரங்குகள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டன. வாசுகி ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வருடம் உழைத்தது யார்? தோள்பட்டை வலிக்க லாஸ்டிக் பழகியது யார்? முழங்கால் வலியோடு சாமி ஆடியது யார்? சார்ஜன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வாசல் விளக்கு, தெருவிளக்கு, கோபுர விளக்கு, கல்யாண விளக்கு, எல்லாம் நான். குரங்குகள் ஒரு பல்பைக்கூடத் தொட்டதில்லை.

எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஒரு விண்மீன் மண்டலத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

வளையம் தெரிந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதற்கு இன்னும் இருட்டு வேண்டும். தாமான் மட்டும் போதாது என்று அன்று புரிந்துகொண்டேன். கூலிம் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மேற்கே பினாங்கு முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி நான் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை.

என்ன கேட்டீர்கள்?

"பாலிங் பக்கம் போனா இருட்டுத்தானே அக்கா. ரப்பர் காடு, ஒரு விளக்கு கெடையாது. காடில போனா அதிக தூரமும் இல்ல. இவ்ளோ சூசா ஏன் பட்டீங்க?"

பாலிங்குக்குப் போயிருக்கிறேன், சார்ஜன். போன வருடம் மார்ச்சில், இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே. எனக்கு ஆசையாக இருக்கிறது என்று பிரேமாவதிதான் ஏற்பாடு செய்தாள். அங்கே ஒரு தோட்டத்தில் அவள் தம்பி இருக்கிறான். காளிதாசன் வேன் ஓட்டினார். அவள் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்தாள். தொலைநோக்கியை இறக்கி வைத்து, திருப்பினேன், உடனே கிடைத்துவிட்டது. பருப்பு, பட்டை, எல்லாம். கண் பழகப் பழக வளையமும் தெரிந்தது. மெல்லியதாக, முழுசாக. பிரேமாவதியும் பார்த்தாள், அவளுக்கும் தெரிந்தது.

"அப்புறம் என்னா அக்கா?"

அப்புறம் ஒன்றுமில்லை, சார்ஜன். அங்கே அணைப்பதற்கு ஒரு விளக்குகூட இல்லை. பார்த்தோம், சாப்பிட்டோம், வந்துவிட்டோம்.